முப்பது கூட்டணும்

அக்டோபர் 5, ஞாயிறு

எடை 71.4. தூக்கம் நான்கு மணி நேரம், அதுவும் விமானத்தில். இடது கணுக்கால் பரவாயில்லை. மனநிலை: நன்று.

மலேசியா வந்து சேர்ந்தோம். பால்பாண்டி சார் விமான நிலையத்திலேயே புது நோட்டைக் கையில் திணித்துவிட்டார். எடை, தூக்கம், வலி, ஓட்டம், காற்று, மனநிலை எல்லாவற்றையும் தினமும் எழுத வேண்டும். சனிக்கிழமை வாங்கிப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். பதினோரு வருடமாக அவர்தான் எனக்குக் கோச். இது பதினான்காவது நோட்டு. மனநிலை என்ற இடத்தில் 'நன்று' தவிர வேறெதுவும் நான் எழுதியதில்லை. வேறு ஏதாவது எழுதினால் எதிரில் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்.

தென்கடல் விளையாட்டு விழாவில் இருபத்தொரு நாடுகள். நம் அணியில் நீளம் தாண்டுதலுக்கு ஒரே இடம், அது எனக்கு. இருபத்தொன்பது வயது முடிந்துவிட்டது. அடுத்த விழா நான்கு வருடம் கழித்து. அப்போது நான் ரயில்வே அலுவலகத்தில் தொந்தியோடு உட்கார்ந்திருப்பேன். ஆகவே வருகிற சனிக்கிழமை மாலைதான் எனக்கு மிச்சமிருப்பது. ஒரு பதக்கம் வேண்டும், எந்த நிறமானாலும் சரி.

அறையில் என்னோடு நவாஸ். திண்டுக்கல்காரன், மும்முறை தாண்டுபவன். ஒரு பெட்டி நிறைய ஊறுகாயும் பொடியும் கொண்டுவந்திருக்கிறான். "ஞானதுரை, ஒனக்கும் சேத்துத்தான்டா. மொறைக்காத" என்றான்.

விமானத்தில் பின்வரிசையில் யாரோ, சுடலைமணி நன்றாக இருந்திருந்தால் இந்த இடம் அவனுக்குத்தான் என்று சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம். ஆகஸ்டில் தேர்வுப் போட்டியில் அவன் ஓட்டம் தொடங்கும் மார்க்கைத் தப்பாக வைத்துக்கொண்டான், முட்டி போய்விட்டது. அவனவன் மார்க் அவனவன் பொறுப்பு.

அக்டோபர் 6, திங்கள்

எடை 71.1. தூக்கம் ஏழு மணி நேரம். மனநிலை: நன்று.

காலையில் உள்ளூர்த் தமிழ் வானொலியிலிருந்து ஒரு பெண் வந்தார். அவ்வளவு வேகமாக ஓடிவந்து அந்தச் சின்னப் பலகையில் எப்படிச் சரியாகக் கால் வைக்கிறீர்கள், பார்த்துக்கொண்டே ஓடுவீர்களா என்று கேட்டார். பார்த்தால் கெட்டது என்றேன். பலகையிலிருந்து பின்னால் 40 மீட்டர் 60 அளந்து, ஓடுபாதை ஓரத்தில் ஒரு வெள்ளை நாடா ஒட்டுவேன். அதற்கு மார்க் என்று பெயர். அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் பதினெட்டாவது அடி பலகையில் விழும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. மார்க் முன்னால் நகர்ந்தால் கோட்டைத் தாண்டி ஃபவுல். பின்னால் நகர்ந்தால் பலகை எட்டாது. எட்டித்தான் தீருவேன் என்று கடைசி அடியை இழுத்து வைத்தால் முட்டி தாங்காது. அந்த அம்மாள் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு, கடைசியில் "உங்க ராசி எண் என்னா அண்ணன்?" என்றார்.

மாலை மூன்று மணிக்குப் பயிற்சி. சார் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டதால் டேப்பின் முனையைப் பிடிக்க ஆள் இல்லை. முனையைப் பலகை ஓரத்தில் ஒரு ஆணியால் குத்திவிட்டு நானே இழுத்துக்கொண்டு போய் 40.60இல் நாடா ஒட்டினேன். முதல் ஓட்டத்திலேயே பலகை எட்டவில்லை. ஒரு சாணுக்கு மேல் குறைந்தது. நல்லவேளை, காலை இழுக்காமல் மணலுக்குள் ஓடிவிட்டேன். திரும்பி வந்து அளந்தால் நாடா 40.90இல் இருக்கிறது.

அசதியில் தப்பாகப் படித்திருப்பேன். மாற்றி ஒட்டினேன். அப்புறம் நான்கு ஓட்டம், நான்கும் பலகையில்.

அக்டோபர் 7, செவ்வாய்

எடை 71.0. தூக்கம் ஆறு. மனநிலை: நன்று.

சுடலைமணியிடமிருந்து குரல் செய்தி. "அண்ணே, நல்லா இருக்கீங்களா? சோறு கெடைக்கா அங்க? மார்க் வைக்கதுக்கு ஆளு இருக்கா? நான் தினம் உங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்." பின்னால் கரும்பு பிழியும் இயந்திரத்தின் சத்தம். பதில் போடவில்லை. போடுவேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் அவன் அப்பாவுக்குக் கரும்புச்சாறு வண்டி. பத்து வயதில் அந்த இயந்திரத்தில் கையைக் கொடுத்து இடது கையில் சுண்டுவிரல் போய்விட்டது. "ஒரு வெரலு கொறச்சல்ணே, அதான் காத்து என்னைய அவ்வளவா பிடிக்கல" என்பான். பாளையங்கோட்டை மைதானத்தில் மூன்று வருடம் சேர்ந்து பயிற்சி எடுத்தோம். டேப் என்னுடையது, சிவப்புச் சுருள். அதன் முதல் முப்பது சென்டிமீட்டர் எப்போதோ கிழிந்துபோய், முனையில் கறுப்பு ஒட்டு நாடா சுற்றியிருந்தது. ஒருவன் கிழிந்த முனையைப் பலகையில் வைத்துப் பிடித்துக்கொள்வான், மற்றவன் அந்தப் பக்கம் படிப்பான். படிக்கிறவன் தன் அளவோடு முப்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நான் மறந்துவிடுவேன் என்று அவனுக்குப் பயம். ஒவ்வொரு நாளும் "முப்பது கூட்டணும்ணே" என்று கத்துவான். மூன்று வருடம், தினமும்.

இன்றும் நாடா 40.90இல் இருந்தது. முதல் ஓட்டத்துக்கு முன்பே பார்த்துவிட்டதால் பிழைத்தேன்.

மணல் குழியைப் பார்த்துக்கொள்பவர் புனிதமலர் என்ற உள்ளூர் ஆசிரியை. பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவராம். மணலை வாருவது, விழுந்த தடத்தில் கம்பியை ஊன்றிக் கொடுப்பது அவர் வேலை. நல்ல மனுஷி. நான் கிளம்பும்போது, "அந்த முனையில உங்களுக்கு டேப் பிடிச்சாரே, அவரும் உங்க டீம்தானா அண்ணன்?" என்று கேட்டார்.

ஆணியால் குத்தியிருந்தேன் என்றேன்.

"இல்லலா, பலகைகிட்ட குந்திக்கிட்டு இருந்தாரே. ஒரு கால மடக்காம நீட்டிக்கிட்டு. நான் கூட பாவம் கால்ல அடி போலன்னு நெனச்சேன்."

வெயில் கடுமை. அவர் காலையிலிருந்து தொப்பி இல்லாமல் நிற்கிறார்.

அக்டோபர் 8, புதன்

எடை 70.6. தூக்கம் நான்கு. மனநிலை: நன்று.

நவாஸை மார்க் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வேறு நாட்டுக்காரன் எவனாவது வேலை காட்டுகிறானா பார் என்று சொன்னேன். "நாடாவுக்குக் காவக்காரனா நானு? ஊர்ல கேட்டா என்ன சொல்லுவேன்" என்று புலம்பிக்கொண்டே உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் நாடா அசையவில்லை. அவன் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தான், அவ்வளவுதான். 40.90.

நவாஸ் எழுந்து போனான். மைதானத்து அதிகாரியிடம் எஃகு டேப் வாங்கிவந்து என் டேப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தான். இம்மி பிசகவில்லை.

"டேப்பு புதுசால்ல இருக்கு. சுருளு மட்டுந்தான் பழசு" என்றான்.

ஆகஸ்டில் மாற்றினேன் என்றேன். கடைக்காரன் பழைய சுருளிலேயே புது டேப்பைச் சுற்றிக் கொடுத்தான்.

"எப்ப?"

தேர்வுப் போட்டிக்கு முந்தின நாள்.

"சுடலைமணிக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

எடை 70.4. தூக்கம் மூன்று. மனநிலை: நன்று.

தகுதிச் சுற்று, மாலை நாலரை. சார் முனையைப் பிடித்தார், நான் படித்தேன், இருவரும் இரண்டு தடவை சரிபார்த்தோம். 40.60. என் முறை வந்தபோது ஓடினேன். பலகைக்கு முப்பது சென்டிமீட்டர் முன்பே கால் விழுந்தது. 7.49. சார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னலே, தூங்கிக்கிட்டே ஓடுத?" என்று கத்தினார்.

திரும்பி வந்தேன். நாடா 40.90இல், நான் ஒட்டியதைவிட நேராக, ஓரங்கள் நன்றாக அழுத்தித் தேய்த்து ஒட்டப்பட்டிருந்தது. அப்படி ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டுகிற ஒருவனை எனக்குத் தெரியும். குனிந்தபோது கரும்பும் இஞ்சியும் மணத்தது. இந்த ஊரிலும் கரும்புச்சாறு விற்கிறார்கள். பார்வையாளர் பக்கம் யாராவது குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பெயர்த்து 40.60இல் ஒட்டி, ஓடும் வரை அதன் மேலேயே கால் வைத்து நின்றேன். 7.88. ஆறாவது ஆளாக இறுதிச் சுற்றுக்குப் போகிறேன்.

சுடலைமணி செய்தி: "சூப்பர்ணே. மொத ஜம்ப்ல ஏன் எட்டல? மார்க்க ஒருக்கா பாத்துக்கோங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. சார், இதைப் படித்தால் என்னை ஒன்றும் கேட்காதீர்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சார் இந்தப் பக்கம் வரமாட்டார்.

இன்று ஓய்வு. மைதானத்துக்குப் போகவில்லை. நவாஸ் சோற்றில் பருப்புப்பொடி போட்டு நெய் ஊற்றிக் கொடுத்தான். சாப்பிட்டேன். துணி துவைத்தேன். ஸ்பைக்ஸின் ஆணிகளைக் கழற்றித் துடைத்து மறுபடி முடுக்கினேன். செய்ய வேறு வேலை இல்லாததால் இதையும் எழுதிவிடுகிறேன்.

தேர்வுப் போட்டி அன்று மூன்று சுற்று முடிந்திருந்தது. நான் 7.83, சுடலைமணி 7.79. அவன் உடம்பு அன்று பிரமாதமாக இருந்தது, இன்னும் தாண்டுவான் என்று பார்த்த எல்லோருக்கும் தெரியும். அப்போது காற்று திரும்பியது. ஓடுபாதையை மறுமுனையிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். எல்லோருடைய மார்க்கும் வீண். புதிதாக வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம்தான், ஒத்திகை ஓட்டம் கிடையாது. பன்னிரண்டு பேர் டேப்பும் கையுமாகச் சந்தைக் கூட்டம் போல ஓடினோம். அவன் சிவப்புச் சுருளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான். நான் முனையைப் பலகையில் வைத்துப் பிடித்தேன். புது முனை, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிற முனை.

மாற்றியதை அவனிடம் சொல்ல மறந்திருந்தேன். இது உண்மை. முந்தின நாள் சாயங்காலம் வாங்கினேன். அன்று காலை மார்க் வைத்தபோது சார் என் முனையைப் பிடித்தார், அவன் வேறு யாருடைய டேப்பிலோ அளந்துகொண்டான். சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை.

அந்தப் பக்கமிருந்து அவன் ஏதோ கத்தினான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு அவன் ஓடினான். கடைசி அடியை எட்டி வைத்தான். முட்டி முறுக்கிய சத்தம் எனக்கு மட்டும் இல்லை, வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. என்னைத்தான் கூப்பிட்டான். "அண்ணே, அண்ணே" என்று மணலுக்குள் கிடந்து கூப்பிட்டான். நான்தான் தூக்கினேன்.

மருத்துவமனையில் சார் கேட்டபோது, மார்க்கை அவனே வைத்தான் என்று சொன்னேன்.

அக்டோபர் 11, சனி

காலை. எடை 70.1. மார்க் 40.60. இதையே எழுதிக்கொண்டிருக்கத் தோன்றுகிறது. 40.60. 40.60.

அதே நாள், போட்டிக்குப் பின்

வரிசையாக எழுதுகிறேன்.

இறுதிச் சுற்று மாலை ஆறு மணிக்கு. நம்மூரில் அப்போது மூன்றரை. முனையைச் சார் பிடித்தார். நாடாவை ஒட்டிவிட்டு, ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிப் புனிதமலரிடம் கேட்டுக்கொண்டேன். நாடா அசையவில்லை. முதல் சுற்றில் சரிபார்த்தேன், இரண்டாவதில் சரிபார்த்தேன், மூன்றாவதிலும் அது 40.60இல் இருந்தபோது என் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. விட்டுவிட்டான் என்று நினைத்தேன். யார் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

7.80. ஃபவுல். 7.86. 7.85. 7.89. ஐந்து சுற்று முடிவில் நான்காவது இடம். மூன்றாவது இடத்தில் பிலிப்பைன்ஸ்காரர், 7.94.

கடைசித் தாண்டல். என் வாழ்க்கையில் அப்படி ஒன்று அமைந்ததில்லை. பலகை காலுக்குத் தானாக வந்தது. மேலே போனேன், காலை நீட்டினேன், மணல் வர நேரமாகியது. விழுந்து முன்னால் புரண்டு எழுந்தேன். வெள்ளைக் கொடி. திரும்பிப் பார்த்தேன். குதிகால் தடம் எட்டு மீட்டர் கோட்டுக்கு நன்றாக அந்தப் பக்கம். சார் வேலி மேல் ஏறிவிட்டார். நவாஸ் அழுதுகொண்டிருந்தான்.

மின்திரையில் எண் வந்தது. 7.82.

குழிக்கு ஓடினேன். அளக்கும் அதிகாரி மணலைக் கையால் காட்டினார். பலகைக்கு மிக அருகில் எந்தத் தடம் இருக்கிறதோ அதிலிருந்துதான் அளப்பார்கள். தாண்டுகிறவன் பின்னால் கை ஊன்றினால் கையிலிருந்துதான் கணக்கு. என் குதிகாலுக்குப் பின்னால் ஒரு கைத்தடம் இருந்தது. பாரம் முழுவதையும் தாங்கிய மாதிரி ஆழமான தடம். குதிகால் 8.12. கை 7.82.

புனிதமலர் கம்பியை ஊன்றியபடியே இருந்தார். "நான் நல்லா வாரிட்டுத்தான் போனேன் அண்ணன், சத்தியமா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இடது கை. ஆனா நாலு விரல்தான் இருக்கு, பாருங்க" என்றார்.

பார்த்தேன். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மணல் கலையாமல் இருந்தது.

வாரிவிடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். வாரிவிடுங்கள் என்று இன்னொரு தடவை சொன்னேன்.

சார் தன் போனில் எடுத்த வீடியோவை நாலு தடவை ஓட்டிக் காட்டினார். என் இரண்டு கைகளும் முன்னால், முட்டிக்கும் மேலே இருக்கின்றன. கடைசி வரை மணலில் படவே இல்லை. "பாத்தியால? ஒங் கை எங்கலே பட்டுச்சு? ஆட்சேபம் எழுதிக் கொடுப்போம். அரை மணி நேரம் இருக்கு. எட்டு பன்னெண்டு, வெண்கலம் ஒனக்குத்தான்" என்றார். பதினோரு வருடம் அவரும்தான் காத்திருக்கிறார்.

வேண்டாம் என்றேன்.

"பைத்தியமால ஒனக்கு?"

என் கைதான் சார், பட்டுவிட்டது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தார். அரை மணி நேரமும் என் பக்கத்திலேயே நின்றுவிட்டு, முடிந்ததும் பேருந்துக்குப் போனார். ஆட்சேபம் எழுதினால் அந்தக் கை யாருடையது என்று கேட்பார்கள். என்னால் அந்தக் கேள்வியின் பக்கத்தில் போக முடியவில்லை.

நேற்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. கேட்கவில்லை என்று எழுதினேன். கேட்டது. "முப்பது கூட்டிட்டேன்ணே" என்றுதான் அவன் கத்தினான். கேட்டதும் கையிலிருந்த முனையைப் பார்த்தேன், பூஜ்யம் தெரிந்தது. அந்த நொடிதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அவன் நாடாவை ஒட்டி, ஓரத்தைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தான். கையை உயர்த்தி, "சரியாண்ணே?" என்று கேட்டான். நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

முட்டி போகும் என்று நினைக்கவில்லை. பலகை எட்டாது, அந்தத் தாண்டல் வீணாகும், அவ்வளவுதான் நினைத்தேன். ஒரு தாண்டல்தானே என்று நினைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

சார் நோட்டைக் கேட்டார். கொடுக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு. அம்பாசமுத்திரம்

மதியம் இரண்டு மணிக்கு வந்து இறங்கினேன். வண்டியில் அவன் மட்டும் இருந்தான், அப்பா சாப்பிடப் போயிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை மடக்காமல் நீட்டிக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. ஒரு போன் அடிச்சிருந்தா நல்ல கரும்பா எடுத்து வச்சிருப்பேன்லா" என்றான். இஞ்சி, எலுமிச்சை எல்லாம் போட்டு ஒரு பெரிய தம்ளரில் கொடுத்தான். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பையில் நோட்டும் சிவப்புச் சுருளும் இருந்தன. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கை என்ன ஆச்சு என்று கேட்டேன். இடது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான்.

"அதுவா, சிரிக்காதீங்கண்ணே. பைனல இந்தப் போன்லதான் பாத்துக்கிட்டிருந்தேன். கடைசி ஜம்புக்கு நீங்க எம்புனீங்க பாருங்க, என்னைய அறியாம நானும் ஸ்டூல்லேர்ந்து எம்பிட்டேன். இந்தக் காலு நிக்கல. பின்னால சாஞ்சு, கைய ஊணி உக்காந்துட்டேன். அப்பாட்ட செம ஏச்சு."

துணியை அவிழ்த்துக் காட்டினான். தோல் உரிந்து, நான்கு விரலுக்குக் கீழே புண்.

"விழுந்தது இந்தத் தார்லதான்ணே. ஆனா எட்டு நாளா எடுக்க எடுக்க மணலா வருது. வெள்ள மணலு. டாக்டரே கேக்காரு, ஆத்துக்குப் போனியாடேன்னு."

தாமிரபரணி மணல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்த மணல் எந்தக் குழியுடையது என்றும் தெரியும். பட்டப்பகல், எதிரே பாபநாசம் பேருந்துக்குக் கூட்டம் நிற்கிறது. உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

"இன்னொண்ணு கேளுங்கண்ணே. நீங்க அங்க போனதுலேர்ந்து மத்தியானம் செத்த கண்ணசந்தா ஒரே கனவு. நீங்க மார்க் வைக்கீங்க. முனையப் பிடிக்க ஒருத்தனும் இல்ல. நாந்தான் குந்தியிருந்து பிடிக்கேன். பாத்தா, நீங்க முப்பது கூட்ட மறந்துட்டீங்க. ஒவ்வொரு நாளும் மறந்துடுதீங்க. நான் ஓடிப்போயி நாடாவப் பேத்து, முப்பது தள்ளி ஒட்டிட்டு வாரேன். அண்ணனுக்குக் காலு போயிடக் கூடாதேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கும்." சிரித்தான். "பைனலுக்கு நான் தூங்கல, பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

அவன் போனை எடுத்து, கடைசித் தாண்டலை ஓட்டினான். நிறுத்தினான். என் இரண்டு கைகளையும் திரையில் தொட்டுக் காட்டினான்.

"இத ஏன் ஏழு எம்பத்திரெண்டுன்னு போட்டாங்க? ஒங்க கை படவே இல்லையே. எனக்கு அன்னைலேர்ந்து மனசே ஆறல. அவங்க அளந்தது சரியாண்ணே?"

சரியில்லை என்றேன்.

சொன்னேன். சுருளை எடுத்து, டேப்பை இழுத்து, முனையை அவன் கையில் கொடுத்துச் சொன்னேன். அவன் அந்தப் பூஜ்யத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். நோட்டையும் திருப்பிப் பின்பக்கமாக வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. நாளை இது சாரிடம் போகும், இரண்டு பக்கமும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீங்க கட்டவெரலக் காட்டுனப்ப, தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அவன் திரும்பி இயந்திரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். கரும்பு வைக்காமலேயே சுற்றினான். ஒரு அம்மாள் வந்து இரண்டு சாறு கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் எழுந்து நின்றேன்.

"திருநவேலி பஸ்ஸு நாலரைக்கு" என்றான்.

இப்போது அந்தப் பேருந்தில் இருந்துதான் எழுதுகிறேன். சேரன்மகாதேவி தாண்டிவிட்டது. மூன்று வருடத்தில் அவன் என்னிடம் பேசிய எந்தப் பேச்சும் அண்ணே இல்லாமல் இருந்ததில்லை.